பதினேழாவது கை

லாரிக்காரர் இறங்கியாக வேண்டும். இறங்கினால் மட்டும் போதாது. எஞ்சினை அணைத்து, கதவைச் சாத்தி, எடைமேடையை விட்டு நாலடி தள்ளிப் போய் நிற்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் பெர்சிடா உட்கார்ந்து திரையில் மினுங்கும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் ஆறு லாரிகள் கோதுமையோடு காத்திருக்கின்றன. வெயில் கொளுத்துகிறது.

"அக்கா, அது நின்னுடுச்சு. எனக்கு இங்கேர்ந்தே தெரியுது."

"நிக்கல. இன்னும் ஆடுது."

"பத்து கிலோ முன்னப்பின்ன இருந்தா உலகம் அழிஞ்சிடுமா?"

"உன் தார்ப்பாய் காத்துல படபடன்னு அடிக்குது, தம்பி. அதை இழுத்துக் கட்டிட்டு வா. நான் எங்கயும் ஓடிடமாட்டேன்."

அவன் அம்மாவை இழுத்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொல்ல வாயெடுக்கிறான். உள்ளே இருப்பவர், ஊர் 'மனந்திரும்பினவர்கள்' என்று கூப்பிடும் சபையைச் சேர்ந்தவர் என்பது நினைவுக்கு வர, பாதியில் விழுங்கிக்கொண்டு தார்ப்பாயைக் கட்டப் போகிறான். மொராவேனி தானியக் கிடங்கில் இருபத்தாறு ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது. லாரிக்காரர்களுக்கு எடைச் சீட்டு கையில் வந்ததும் விடுதலை. எங்களுக்கு அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் சபைக்கு வந்துவிடுகிறார்.

பெர்சிடாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குட்டையான, அகலமான உருவம். நல்ல கம்பளிக் கோட்டுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார். கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் தொங்கும். எதை மாட்டுவது என்று யோசித்து, கடைசியில் இரண்டையும் மாட்டாமல் கண்ணைச் சுருக்கிப் படிப்பார். கடையில் பாலாடைக்கட்டியை மூன்று தடவை முகர்ந்து பார்த்துவிட்டு "நாளைக்கு வரேன்" என்பார். போன் அடித்தால் எடுக்குமுன் அதை ஒரு நிமிடம் முறைத்துப் பார்ப்பார். அவர் கணவர் லிவியு எங்கள் சபையில் சேராதவர், சந்தோஷமான மனிதர். "கல்யாணத்துக்குச் சரின்னு சொல்ல ஆறு வருஷம் எடுத்துக்கிட்டா" என்று எல்லாரிடமும் சொல்வார். "அதுவும் சர்ச்சுல சொன்னது சரியாக் கேக்கல. இன்னும் யோசிக்கிறாளோ என்னவோ!"

எங்கள் பாப்டிஸ்ட் சபையில் பதினேழு பேர். போதகர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் நான்கு கிராமங்களுக்குப் பொது என்பதால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வருவார். மற்ற ஞாயிறுகளை நாங்களேதான் நடத்திக்கொள்ள வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல் தொங்கும். யார் பேசுவது, யார் வேதம் வாசிப்பது, திருவிருந்துக்கு அப்பம் யார் சுடுவது, நோயாளிகளை யார் பார்க்கப் போவது, வாசலில் பனி தள்ளுவது யார் என்று எல்லாம் அதில் இருக்கும். பட்டியலை எழுதுபவன் நான். சபையின் செயலாளர் வேலையும் என் தலையில்தான். மாவட்டப் பத்திரிகையில் இருபது வருடம் கூட்டச் செய்திகள் எழுதியவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வேலையில் கூட்டங்கள் முடிந்துவிடும். இங்கே முடிவதில்லை.

காரணம் எங்கள் பழைய விதி. 1974இல் எங்கள் பித்தளை வாத்தியக் குழு, விசுவாசி அல்லாத ஒருவரின் சவ அடக்கத்துக்கு வாசிக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். இரண்டு கைகள் வித்தியாசத்தில் ஒரு பக்கம் ஜெயித்தது. தோற்ற பக்கம் ட்ரம்பெட்டுகளை எடுத்துக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லிவாதாவுக்குப் போய்த் தனிச் சபை தொடங்கிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் அன்றைக்கு ஒரு தீர்மானம் போட்டார்கள்: இனி எல்லாக் கைகளும் உயர்ந்தால்தான் முடிவு. ஒரு கை கீழே இருந்தாலும் பேசிக்கொண்டே இருப்போம்.

அந்த ஒரு கை எப்போதும் பெர்சிடாவுடையது.

பெஞ்சுகளுக்கு மெத்தை போட எட்டு மாதம் ஆயிற்று. ஆராதனை முடிந்து காப்பி கொடுக்கலாமா, அல்லது லிண்டன் பூ டீயா என்பதற்கு மூன்று கூட்டம். "எதுக்குக்கா வேணாங்கறீங்க?" என்று கேட்டால், "வேணாம்னு சொல்லல. எனக்குள்ள இன்னும் ஆடுது" என்பார். அவ்வளவுதான். காரணம் சொல்கிறவரோடு வாதாடலாம். ஆடுகிறவரை என்ன செய்வது?

அவர் எப்போதும் சரியாகவே இருப்பார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூரையில் மூன்று தகரம் மாற்ற வேண்டும் என்றபோது ஒரு மாதம் யோசித்தார். அந்த மாதம் பெய்த மழையில் எங்கள் ஆர்மோனியம் நனைந்து, இன்றுவரை நடுவில் இரண்டு சுரங்கள் ஊமை. பாடும்போது அந்த இடம் வந்ததும் சபையே பெண்கள் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கும். பெர்சிடா கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகப் பாடுவார்.

போன நவம்பரில் வந்த விஷயம் மெத்தை மாதிரி இல்லை. எங்கள் ஜெபக்கூடத்தின் மேற்குச் சுவர் ஓதம் ஏறி உப்பிப்போயிருந்தது. பிரசங்கம் செய்யக்கூடியவர்கள் நான்கு பேர் இருந்தோம். அதில் ஒருவர் குடும்பத்தோடு ஸ்பெயினுக்குப் போகிறார். லிவாதாவில் நல்ல கட்டடம், எரிவாயுச் சூடேற்றி, இருபது பேர் கொண்ட வாத்தியக் குழு. ஐம்பது வருடத்துக்கு முன் பிரிந்தவர்களின் பிள்ளைகள், "வந்துடுங்க, பழசையெல்லாம் மறந்தாச்சு" என்று கடிதம் எழுதியிருந்தார்கள். எங்கள் கூடத்தை, டிராக்டர் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். குருத்தோலை ஞாயிறுக்கு முன் பதில் தேவை.

கூட்டத்தை நடத்தியவர் கோர்னெல் அண்ணன். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். எதையும் பிரசவம் பார்ப்பதுபோல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேகமாக முடிப்பவர். "லிவாதாவோட சேர்றதுக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். ஆண்கள் பக்கம் முழுக்க உயர்ந்தது. பெண்கள் பக்கம் ஒன்று குறைந்தது.

"பெர்சிடா?"

"இன்னும் ஆடுது, கோர்னெலண்ணே."

"எது ஆடுது? சுவர் ஆடுது, அதைச் சொல்றியா?"

"தெரியல."

ஜனவரியிலும் அதேதான். பிப்ரவரியிலும் அதேதான். நான் கோபத்தை அடக்கிக்கொண்டு குறிப்பேட்டில் "ஒருவர் நீங்கலாக அனைவரும் சம்மதம்" என்று மூன்றாம் முறை எழுதினேன். கோர்னெல் அண்ணனின் மனைவி சிதோனியா, பெண்கள் பெஞ்சில் பெர்சிடாவுக்கு அடுத்து உட்காருபவர், என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "அவ கையை நானே புடிச்சுத் தூக்கிடட்டுமா? கர்த்தர் மன்னிப்பாரு."

அந்த மூன்று கூட்டங்களிலும் யோவாவும் கையை உயர்த்தியிருந்தார்.

யோவாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுபத்திரண்டு வயது, தனி ஆள், வீடு கூடத்துக்கு நேர் எதிரே. இளவயதில் வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடித்தவர். பிறகு இரும்பு வார்ப்பாலையின் இரைச்சலில் வேலை பார்த்ததில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், பத்து வருடமாகச் சுத்தமாகக் கேட்காது. காதுக்கருவி ஒன்று வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அது விசிலடிக்கிறது என்று அவர் மாட்டுவதில்லை. எங்கள் பட்டியலில் என்றுமே மாறாத ஒரே வரி "அடுப்பு, சாவி: யோவா." ஞாயிறு காலை ஐந்தரைக்கு வந்து கூடத்தைச் சூடேற்றும் ஓடு பதித்த அடுப்பைப் பற்றவைப்பார். நாங்கள் வரும்போது உள்ளங்கையை ஓட்டில் ஒற்றிப் பார்த்துவிட்டு, திருப்தியாக முதல் பெஞ்சில் கோர்னெல் அண்ணன் பக்கத்தில் உட்காருவார். நாங்கள் எழுந்தால் எழுவார். முழங்கால் போட்டால் போடுவார். பத்தொன்பது வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

அவருக்குக் காது கேட்காது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் முடிவுகள் எல்லாம் ஒருமனதானவை என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு மறுவாரம் கூடத்தின் முற்றத்தில் ஒரு வண்டி வேல விறகு வந்து இறங்கியது. யோவா வரவழைத்தது. பச்சை விறகு. பிளந்து அடுக்கி, தகரம் போட்டு மூட வேண்டும். நானும் ஒரு மணி நேரம் தூக்கிக் கொடுத்தேன். பெர்சிடா வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கடித்து, தோலை இன்னொரு பையில் போட்டுக்கொண்டே நின்றார்.

"இது பச்சையா இருக்கே" என்றார்.

"ஆமா."

"எந்தக் குளிருக்கு?"

"எதோ ஒரு குளிருக்கு. அக்கா, நின்னுக்கிட்டே இருக்கீங்களே, ஒரு கை புடிக்கலாம்ல?"

அவர் பிடித்தார். எனக்கு முதுகு வலியைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு. இதுதான் கடைசிக் கூட்டம். லிவாதாவுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நான் முந்தைய நாளே எழுதிப் பையில் வைத்திருந்தேன். அதில் "ஒரே இருதயமாய்" என்ற சொல்கூட இருந்தது. தேதி மட்டும்தான் போடவில்லை. ஆராதனை முடிந்து ஸ்தோத்திரப் பாட்டு பாடி, ஆர்மோனியத்தின் ஊமை இடத்தில் பெண்கள் பக்கம் பார்த்து, உட்கார்ந்தோம்.

சிதோனியா எழுந்து, "வீட்டுல பிளம்ஸ் கொழுக்கட்டைக்கு மாவு பெசஞ்சு வெச்சிட்டு வந்திருக்கேன். யாரும் பெரிசா ஜெபம் பண்ணாதீங்க" என்றார்.

கோர்னெல் அண்ணன் சட்டைக் கையை மடித்தார். "கேள்வி தெரியும். நேரா ஓட்டுக்குப் போயிடலாம்."

"ஒரு நிமிஷம்" என்றார் பெர்சிடா.

கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ "ஆண்டவரே" என்று முனகினார்கள். அது ஜெபம் இல்லை.

"இந்த ஒரு வாட்டி எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கலாமா?"

"எதுக்கு?" என்றார் கோர்னெல் அண்ணன்.

"சும்மா. யாரும் யாரையும் பாக்காம."

"நாங்க என்ன உன்னைப் பாத்துட்டா தூக்கறோம்? உன்னைப் பாத்துத் தூக்கினா நாங்க எதையுமே தூக்கியிருக்க முடியாதே!"

சிரிப்பு கிளம்பியது. பெர்சிடா சிரிக்கவில்லை. "மூடிக்கிட்டாத் தூக்கறேனோ என்னவோ" என்றார். அதுதான் கோர்னெல் அண்ணனை மடக்கியது. பேரம் பேசுகிற பெர்சிடாவை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"சரி, கண்ணை மூடுங்க. செயலாளர் மட்டும் திறந்து வெச்சு எண்ணட்டும். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

கண்கள் மூடின. கைகள் எழுந்தன. நான் எண்ணத் தொடங்கினேன். பெண்கள் பக்கம் எட்டில் ஏழு. பெர்சிடாவின் கை மடியில் இருந்தது. கண் திறந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கம் என் கையோடு சேர்த்து எட்டு. அங்கேதான் கணக்கு இடித்தது. ஒன்பது இருக்க வேண்டும்.

யோவா பெஞ்சில் இல்லை. எல்லாரும் கண்ணை மூடியதைப் பார்த்திருக்கிறார். கோர்னெல் அண்ணனின் மூடிய கண்ணையும் உயர்ந்த கையையும் பார்த்திருக்கிறார். ஜெபம் என்று எடுத்துக்கொண்டார். பெஞ்சை ஒரு கையால் பிடித்து, வலிக்கிற முட்டியை மெல்ல மடக்கி, பலகைத் தரையில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எங்கள் எல்லாருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணியாச்சா?" என்றார் கோர்னெல் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

நான் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"என்னப்பா, எத்தனை?"

"கண்ணைத் திறங்க" என்றேன்.

திறந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள். உயர்ந்திருந்த கைகளை எப்போது கீழே போடுவது என்று தெரியாமல் சிலர் அப்படியே வைத்திருந்தார்கள். யோவா "ஆமென்" என்று தனியாகச் சத்தமாகச் சொல்லி எழுந்து உட்கார்ந்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, தொப்பி போட்டிருக்கிறோமா என்று தலையைத் தடவிப் பார்த்தார்.

"அந்த விறகு வர்ற குளிருக்கு" என்றார் பெர்சிடா. "பச்சை விறகு ஒரு வருஷம் காயணும். கூடத்தை விக்கச் சொல்றவரு அடுத்த வருஷத்துக்கு எதுக்கு விறகு அடுக்குவாரு?"

எனக்கு வந்ததெல்லாம் எரிச்சல்தான். ஒப்புக்கொள்கிறேன். "இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அக்கா!"

"அன்னைக்குக் கேட்டேனே. நீங்கதான் எதோ ஒரு குளிருக்குன்னீங்க."

கோர்னெல் அண்ணன் எழுதிக் காட்டும்படி எனக்குச் சைகை செய்தார். நான் கதவோரம் தொங்கிய ஞாயிறுப் பட்டியலைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "நம் கூடத்தை விற்றுவிட்டு லிவாதா சபையோடு சேரலாமா?" தாளை யோவாவிடம் கொடுத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டி, உதட்டை அசைத்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் உரக்கக் கேட்டார்: "யாரு சொன்னது?"

கோர்னெல் அண்ணன் எல்லாரையும் சுற்றிக் காட்டினார். நான் தாளை வாங்கி எழுதினேன்: "நவம்பரிலிருந்து மூன்று தடவை கேட்டோம். நீங்களும் கை தூக்கினீர்கள்."

அவர் அதைப் படித்தார். முகம் கழுத்திலிருந்து சிவந்து ஏறியது.

"நான் கோர்னெலப் பாத்துத் தூக்கினேன்" என்றார். "சுவத்தைக் காட்டிக் காட்டிப் பேசினான். வெள்ளையடிக்கப் போறீங்கன்னு நெனச்சேன்."

சிதோனியா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். இந்த மூன்று கூட்டங்களில் மட்டுமா, இதற்கு முன் பத்து வருடமாக எத்தனை விஷயத்துக்கு அந்தக் கை உயர்ந்தது என்று என் மனம் பின்னோக்கி ஓடியது. குறிப்பேடுகள் என் வீட்டில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் "அனைவரும் சம்மதம்" என்று என் கையெழுத்து.

"அங்க அடுப்பு யாரு பாத்துக்கறாங்க?" என்று யோவா கேட்டார். லிவாதாவைத்தான் கேட்டார்.

அங்கே அடுப்பு இல்லை, சுவரில் ஒரு பொத்தான்தான் இருக்கிறது என்பதைத் தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை. பென்சிலைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோர்னெல் அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். மடித்த சட்டைக் கையைக் கீழே இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டார். "சரி" என்றார். "நவம்பரும் இல்லை, ஜனவரியும் இல்லை. எல்லாத்தையும் அழிச்சிடுப்பா. முதல்லேர்ந்து பேசறோம். சிதோனியா, நீ போய் மாவை மூடி வெச்சிட்டு வா."

"மாவு கெடக்கட்டும்" என்றார் சிதோனியா.

கோர்னெல் அண்ணன் பேச ஆரம்பித்தார். வழக்கம்போல வேகமாக. மேற்குச் சுவர், ஸ்பெயின், தோட்டக்காரர், எரிவாயு என்று ஒரே மூச்சில் போனார். யோவா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் பார்த்ததுபோல் இல்லை. புருவம் நெரிந்திருந்தது. தலையை ஆட்டவில்லை.

பெர்சிடா எழுந்தார். ரப்பர் பூட்ஸ் பலகைத் தரையில் ஓசை எழுப்ப, நடுவழியைக் கடந்து வந்தார். எங்கள் கூடத்தில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். சுவர் எழும்பிய நாள் முதல் அப்படித்தான். யாரும் அதை ஓட்டுக்கு விட்டதில்லை. அவர் என் கையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டார். பட்டியல்தாளையும் எடுத்துக்கொண்டார். முதல் பெஞ்சில் யோவாவுக்கும் கோர்னெல் அண்ணனின் காலி இடத்துக்கும் நடுவே உட்கார்ந்து, கண்ணாடிகளில் ஒன்றை யோசிக்காமல் எடுத்து மாட்டி, தாளை யோவாவின் முட்டியில் விரித்து, பேசினதை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார்.

கோர்னெல் அண்ணன் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். அதற்கு அடுத்ததற்கும் போனார்.

பெர்சிடா தலையை நிமிர்த்தாமலே இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை அவருக்கு நேராகக் காட்டினார். கோர்னெல் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. கை இறங்கவில்லை.